ஏழடி ஏணி

மனித நாகரிகம் இரண்டு கட்டங்களாக வளர்ந்தது. முதல் கட்டத்தில் மனிதன் எழுதக் கற்றான். இரண்டாம் கட்டத்தில், எழுதி மாட்டியதைக் கழற்றக் கற்றான். முதல் கட்டத்தைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் நிறையச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இதை எழுதுகிறேன். எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். மாநகராட்சியின் பலகைகள் ஒழுங்குமுறைப் பிரிவில் பதினோரு வருடமாக நான் எழுத்தர். என்னைவிட இதில் அனுபவம் உள்ளவை பலகைகள் மட்டுமே. அவற்றைப் பேச விடுவதில்லை.

எங்கள் பிரிவில் மூன்று பேரும் ஓர் ஏணியும் உண்டு. தலைவரை 'ஐயா' என்போம். எழுத்தர் நான். மூன்றாமவர் ஏணிக்காரர், கட்டை குட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார், பேசினால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்பதால் கூட்டங்களுக்கு அவரை அழைப்பதில்லை. அலுவலகம் இரண்டாம் மாடியில், பிறப்பு இறப்புப் பதிவுக்கும் கழிவறைக்கும் நடுவே இருக்கிறது. வழி தவறி வருகிறவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். வழி தெரிந்து வந்தவர் இதுவரை இல்லை.

விதி எளிமையானது. கடைப் பலகை முப்பது அங்குல அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நோட்டீஸ் ஒட்டுவோம். ஏழாம் நாள் ஏணியோடு வருவோம். அன்றைய வேலை முடிந்ததும் தினப்பதிவேட்டில் நான் ஒரு வரி எழுதுவேன்: 'கைக்கு எட்டிய வரை சட்டம் நிறைவேற்றப்பட்டது.' இது எனக்கு முன்பிருந்த எழுத்தர் உருவாக்கிய வாக்கியம். அவர் அடக்கத்தோடு எழுதியதாகப் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அவர் கணக்கோடு எழுதினார்.

எங்கள் ஏணி ஏழடி. மேல்படியில் நிற்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதற்கு இரண்டு படி கீழே நின்று ஏணிக்காரர் கையைத் தூக்கினால் பதினோரு அடி வரும். ஆகவே இந்த நகரத்தில் சட்டம் தரையிலிருந்து பதினோரு அடி வரை அமலில் இருக்கிறது. முன்பிருந்த ஏணிக்காரர் நெட்டை. அவர் காலத்தில் சட்டம் பதினொன்றே முக்கால் அடி வரை போய்வந்தது. அவர் ஓய்வு பெற்ற மறுநாள் நகரம் முழுவதும் முக்கால் அடி விடுதலை அடைந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பதினோரு அடிக்கு மேலே என்ன இருக்கிறது என்று விஷமத்தனமாகக் கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பற்பசை விளம்பரம் இருக்கிறது. பதினெட்டு அடியில் தொடங்கி மேலே போகிறது. மூஞ்சி கிடையாது, வெறும் சிரிப்பு. ஒவ்வொரு பல்லும் ஒரு கதவின் அளவு. கடைவாய்ப் பல் போக்குவரத்து விளக்கை மறைப்பதால், வண்டி ஓட்டுகிறவர்கள் பச்சை விழுந்ததா என்பதைப் பின்னால் இருப்பவர் திட்டுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள். முன்பற்களுக்குப் பின்னால் குடியிருக்கும் மூன்று குடும்பங்கள் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு வாழ்கின்றன. அவர்களில் ஒருவர் புகார் கொடுத்தார். ஐயா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, அந்த விளம்பரத்தின் அகலம் என்ன என்று கேட்டார். ஏணி போகாது, அதனால் தெரியாது என்றேன்.

"அளக்காத ஒண்ணை அளவு மீறிடுச்சுன்னு சொல்றது அபாண்டம் இல்லையா?" என்றார் ஐயா.

பலகையின் சரியான அளவைக் குறிப்பிடாமல் புகார் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு, புகார் கொடுத்தவருக்கே நோட்டீஸ் அனுப்பினோம். அந்தப் பற்பசை யாருடையது, அதன் முதலாளி யாரோடு உட்கார்ந்து காபி குடிக்கிறார் என்பதெல்லாம் ஐயாவுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இனி என் வாழ்க்கையின் பெருமைமிக்க நாளுக்கு வருகிறேன். அன்று என் சொந்த அக்காவின் பலகையைக் கழற்றினேன்.

அக்கா தையல்காரி. ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் போகும் சந்து உண்டு. அதன் கடைசியில் அவள் கடை. ஒரு மெஷின், ஓர் இஸ்திரி மேசை, ஒரு கண்ணாடி. பழைய இடத்தைக் காலி செய்யச் சொன்னதால் மூன்று மாதம் முன்புதான் அங்கே வந்திருந்தாள். தெருவில் நடக்கிறவருக்குச் சந்தே கண்ணில் படாது, அப்புறம் கடை எங்கே படும். அதனால் சந்தின் வாயில், தலைக்கு மேலே ஓரடி உயரத்தில், ஒரு பலகை மாட்டியிருந்தாள். 'தையல், ஆல்டரேஷன், ஜிப் மாற்றித் தரப்படும்' என்று எழுதி, கீழே உள்ளே போகச் சொல்லும் ஓர் அம்புக்குறி. பலகை சரியாக முப்பது அங்குலம். அத்தான் ஆசையாக அதன் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குல மரச்சட்டம் வைத்து அடித்துக் கொடுத்திருந்தார். அந்த மரச்சட்டம் மாநகராட்சிச் சட்டத்தை மீறியது.

நோட்டீஸ் ஒட்டினேன். ஏழாம் நாள் ஏணியோடு போனேன். அக்கா வெளியே வந்து, நான் அளப்பதைப் பார்த்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தானும் அளந்தாள். முப்பத்து மூன்று. எங்கள் குடும்பத்தில் அளவு விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை.

"இதை எடுத்துட்டா ஆளுங்க எப்படிடா உள்ள வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இதற்கு விதிகளில் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகார வரம்பை மீறும் செயல் என்பதால் ஏணிக்காரருக்குச் சைகை காட்டினேன். ஏணிக்காரர் ஆணியைப் பிடுங்கும்போது என்னைப் பார்க்காமலே பிடுங்கினார். அலுவலகத்தில் ஐயா என் கையைக் குலுக்கி, என் பாரபட்சமின்மையைப் பாராட்டி, தன் சொந்தச் செலவில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். சர்க்கரை குறைவு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த ஞாயிறு அத்தான் கதவைப் பாதி திறந்து, உங்கள் பெயரில் அனுமதி எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். அக்கா வழக்கம்போலப் பரிமாறினாள். முன்பெல்லாம் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்களாம். அந்த வாரம் முழுவதற்கும் மூன்றே பேர். அதில் ஒருவர் கழிவறையைத் தேடி வந்தவர். இப்படியே இன்னும் ஒரு மாதம் போனால் கடையை மூடிவிட்டு, மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட வேண்டியதுதான் என்றாள். அதை அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பலகையைத் திரும்பப் பெற வழி உண்டு என்று ஆறுதல் சொன்னேன். படிவம் ஒன்று நிரப்பினால் போதும். அதோடு, பலகை இப்போது அந்தக் கடையில் மாட்டப்பட்டிருப்பதைக் காட்டும் புகைப்படம் ஒன்றை இணைக்க வேண்டும். "பலகைதான் உங்க கிடங்குல இருக்கே?" என்றாள் அக்கா. ஆமாம், அதனால்தான் பதினோரு வருடத்தில் ஒருவரும் அந்தப் படிவத்தைத் தவறாகப் பயன்படுத்தியதில்லை என்று பெருமையோடு சொன்னேன்.

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "உங்க ஏணி எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள். குடும்பத்தில் ஒருவர் முதன்முறையாக என் வேலையைப் பற்றி அக்கறையோடு விசாரிக்கிறார் என்று நினைத்து, ஏழடியையும், பாதுகாப்பு விதியையும், பதினோரு அடிக் கணக்கையும் விரிவாக விளக்கினேன்.

அதற்குப் பத்தாம் நாள் ஐயாவும் நானும் ரோந்து போனபோது ஜெராக்ஸ் கடை வாசலில் கூட்டமாக நின்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு துணி தொங்கியது. அகலம் பத்து அடிக்குக் குறையாது. வெட்டி மிஞ்சிய துண்டுகளையெல்லாம் சேர்த்து அக்கா தைத்திருந்தாள். பூப்போட்ட துணியில் 'தை', கோடு போட்ட துணியில் 'ய', யாருடைய பழைய கோட்டிலிருந்தோ ஒரு 'ல்'. கீழே ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு அம்பு, நேராகச் சந்தைக் காட்டியது. துணியின் அடி ஓரமே இருபது அடி உயரத்தில் இருந்தது. நியாயமாகச் சொன்னால், அழகாக இருந்தது.

அக்காவுக்கு இதற்கும் நோட்டீஸ் போகும் என்று பயந்தேன். ஆனால் ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"உங்க அக்காவுக்கு யாரைத் தெரியும்?" என்று மெல்லக் கேட்டார்.

யாரையும் தெரியாது என்றேன். ஐயா என் தோளில் தட்டி, "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. பரவாயில்ல" என்றார். அவர் அனுபவத்தில், பதினோரு அடிக்கு மேலே போன எவரும் சாதாரண ஆளாக இருந்ததில்லை. மறுநாளே இடுப்பில் தளர்ந்துபோன தன் இரண்டு பேண்ட்டுகளை அக்காவிடம் கொடுத்தனுப்பினார். அவர் கொடுத்ததைப் பார்த்துப் பிறப்புப் பதிவுக்காரர் கொடுத்தார். இறப்புப் பதிவுக்காரரும் கொடுத்தார். அக்காவுக்கு மெஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை.

நல்ல விஷயம் பரவாமல் இருக்குமா? முதலில் மருந்துக் கடைக்காரர் தன் பலகையை இரண்டாம் மாடிக்கு ஏற்றினார். ஏற்றியபோது அதை மூன்று மடங்கு பெரிதாக்கினார், இல்லையென்றால் கீழிருந்து தெரியாதே. பிறகு ஜெராக்ஸ், முடிதிருத்தகம், பூட்டுக் கடை, பல் டாக்டர். இரண்டே மாதத்தில் நகரத்தின் பலகைகள் எல்லாம் பதினோரு அடியைத் தாண்டிப் போய்விட்டன. கீழே சுவர்கள் துடைத்துவிட்டதுபோல வெறிச்சென்று இருந்தன. நாங்கள் தெருத்தெருவாக நடந்தோம். ஒரு மீறல்கூடக் கிடைக்கவில்லை. 'நூறு சதவீத இணக்கம்' என்று ஐயா அறிக்கை அனுப்பினார். மேலிடத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைச் சுவரில் மாட்டினோம். முப்பது அங்குலத்துக்கு உட்பட்டது என்று அளந்து பார்த்தபிறகே மாட்டினோம்.

ஒரே ஒரு சிக்கல். மக்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பூட்டுக் கடையைத் தேடிய ஒருவர் பல் டாக்டரைத் தேடிய ஒருவர்மீது மோதினார். இருவருக்குமே பல் டாக்டர் தேவைப்பட்டது. கழுத்து வலிக்கு எண்ணெய் விற்றவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். கடைசியில் கழுத்து பிசகிய ஒரு பெரிய அதிகாரி உயர்மட்டக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். நான்கு மணி நேரம் விவாதித்து, பிரச்சினைக்குக் காரணம் ஏணி சிறியதாக இருப்பதே என்று கண்டுபிடித்தார்கள். இருபத்தைந்து அடி ஏணி ஒன்று வாங்க ஒரே வாரத்தில் ஆணை வந்தது.

ஆணையைப் படித்த அன்றே ஐயா இளைக்க ஆரம்பித்தார். அக்கா பிடித்துக் கொடுத்த பேண்ட் மறுபடி தளர்ந்தது. இருபத்தைந்து அடி ஏணி என்றால் சட்டம் சிரிப்பு வரைக்கும் போய்விடும். அகற்ற வேண்டியவை பட்டியலை நான்தான் தயாரித்தேன். கடைகளை ஏறிய வரிசைப்படியும், பெரிய விளம்பரங்களைக் கடைசியிலும் எழுதச் சொன்னார்கள். ஒன்று: அக்காவின் துணி. இரண்டு முதல் நூற்று நாற்பது வரை: மற்றக் கடைகள். நூற்று நாற்பத்தொன்றாவதாகப் பற்பசையை எழுதியபோது ஐயா ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கு முதல் எண்ணைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. இந்தத் தடவையும் கழற்றிவிட்டு நான் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைத் தட்டுவது?

ஏணி வந்தது. அலுமினியம், பளபளவென்று இருந்தது. ஜெராக்ஸ் கடை வாசலில் தொடக்க விழா. கழுத்துப் பட்டை போட்ட பெரிய அதிகாரி வந்திருந்தார். ஏணியை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். அக்கா கடையை விட்டு வந்து சந்தின் வாயில் நின்றாள். கையில் பாதி தைத்த சட்டை, வாயில் இரண்டு குண்டூசி. என்னை அவள் முறைக்கவில்லை. முறைத்திருந்தால் பட்டியலைத் தயங்காமல் படித்திருப்பேன்.

படிக்க வாயைத் திறந்தபோதுதான் ஏணியின் பக்கவாட்டைப் பார்த்தேன். அடியிலிருந்து நுனி வரை, சிவப்பு எழுத்தில், ஏணி செய்த கம்பெனியின் பெயர். பெயருக்கு மேலே: 'கவலை வேண்டாம், ஏறுங்கள்!' பதினோரு வருடம் மனப்பாடம் செய்த விதிகள் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு உதவிக்கு வந்தன.

"ஐயா, விதி பதினாலு," என்றேன். "வியாபாரியோட பேரைத் தாங்கி, பொது இடத்துல, எல்லோருக்கும் தெரியற மாதிரி வைக்கப்பட்ட எந்தப் பொருளும் பலகைதான்."

ஐயா ஏணியைப் பார்த்தார். எதிரே, தெருக்கோடியில் தெரிந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். மறுபடி ஏணியைப் பார்த்தார். இரண்டு வாரமாக வாடியிருந்த முகத்தில் ரத்தம் ஏறியது.

"அளங்க," என்றார்.

அளந்தேன். இருபத்தைந்து அடி. எழுத்து ஓடும் திசைதான் பலகையின் அகலம், அனுமதிக்கப்பட்ட அளவு முப்பது அங்குலம். அனுமதி எண்ணும் இல்லை. பெரிய அதிகாரி கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி, அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டிவிடலாமே என்றார். தடயத்தை அழிப்பது தனிக் குற்றம் என்று ஐயா பணிவோடு தெரிவித்தார். ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டாமா என்று அதிகாரி கேட்டார். மீறியவர் நாமே, நமக்கு நாம் தெரிவித்தாகிவிட்டது என்றார் ஐயா. பத்து நிமிடத்தில் ஏணி பறிமுதல் செய்யப்பட்டது. பறிமுதல் செய்த பொருளை அலுவலகம் பயன்படுத்தக் கூடாது என்பது விதி பதினைந்து. கிடங்கில் அது முழுதாக நுழையவில்லை. பாதி ஜன்னலுக்கு வெளியே தெருவின்மேல் நீட்டிக்கொண்டு, 'ஏறுங்கள்!' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை அகற்றச் சொல்லி எங்களுக்கே புகார் வந்தது. போய்ப் பார்த்தோம். பதினாறு அடி உயரம். எங்கள் ஏணி போகாது.

அன்றைய ரோந்தை வெறுங்கையோடு முடிக்க ஐயாவுக்கு மனமில்லை. பழைய ஏழடி ஏணியோடு கிளம்பினோம். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், நடைபாதையில், ஒரு மீறல் கிடைத்தது. செருப்புத் தைப்பவர் ஒருவர், தன் பெட்டிமேல் சாய்த்துவைத்திருந்த அட்டை. 'இங்கே செருப்பு தைக்கப்படும்.' முப்பதரை அங்குலம். இரண்டு மாதத்தில் கிடைத்த முதல் மீறல் என்பதால் ஐயா அன்றே எடுக்கச் சொன்னார். இதற்கு ஏணியே தேவைப்படவில்லை, குனிந்தால் போதும். செருப்புத் தைப்பவர் எதிர்த்துப் பேசவில்லை. எடுத்த கையோடு, தூசியைத் துடைத்துத்தான் கொடுத்தார்.

அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயலுக்கு அவள் இரண்டு நல்ல வார்த்தை சொல்வாள் என்ற நப்பாசை. அக்கா இஸ்திரி மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அட்டையைப் பார்த்தாள்.

"என்னடா அது?"

சொன்னேன். அரை அங்குலம் அதிகம் என்றேன்.

"அவரும் மேல மாட்டிக்க வேண்டியதுதானே?"

"அவருக்குச் சுவர் இல்லக்கா."

அக்கா அட்டையை வாங்கி மேசையில் போட்டாள். கழுத்து டேப்பால் ஓர் அளவு. சாக்கட்டியால் ஒரு கோடு. பெரிய கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக ஒரே வெட்டு. எழுத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அரை அங்குல அகலத்தில் ஓர் அட்டைத் துண்டு என் காலடியில் விழுந்தது.

"இப்ப சரியா இருக்கா பாரு."

அளந்தேன். முப்பது. சட்டப்படி அந்த அட்டைமேல் எனக்கு எந்த உரிமையும் இல்லாமல் போயிற்று.

"போய் அவர்கிட்ட குடுத்துட்டு வா, சாப்பிடலாம்," என்றாள். நான் படி இறங்கும்போது, பின்னாலிருந்து, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பதுபோலக் கேட்டாள்: "என் பலகையிலயும் அந்த ரெண்டு மரச்சட்டத்தைப் பிடுங்கியிருந்தா சரியாப் போயிருக்கும். உங்க ஏணிக்காரர் கையிலதான் சுத்தியல் இருந்துச்சே. ஏண்டா தம்பி, உங்க மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூட அது தோணல?"

நான் அட்டையோடு நடந்தேன். அக்காவுக்கு நிர்வாகம் தெரியாது. அது தோன்றாமல் பார்த்துக்கொள்வதற்குத்தானே ஒரு தலைவரையும், ஓர் எழுத்தரையும், ஓர் ஏணியையும் போட்டிருக்கிறார்கள்.